தொண்ணூறு விழுக்காடு எங்கே போயிற்று? – செப்டம்பர் 11-க்குப் பிந்தைய மக்கள் கருத்து குறித்து

நெடுநோக்கு எழுதியது:

2001 செப்டம்பர் 7 முதல் 10 வரை கேலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் செயல்பாடு சரியே என்று சொன்ன அமெரிக்கர்கள் 51 விழுக்காட்டினர். கணிப்பு முடிந்த மறுநாள் காலை விமானங்கள் மோதின, ஏறத்தாழ 3,000 பேர் இறந்தனர். அதே மாதம் 21, 22 தேதிகளில் அதே நிறுவனம் அதே கேள்வியைக் கேட்டபோது கிடைத்த விடை 90 விழுக்காடு. கேலப் கணக்கில் அதற்கு முன்பும் பின்பும் எந்த அதிபரும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2003 செப்டம்பரில், அந்த எண் மறுபடியும் 50-ஐ ஒட்டி வந்து நின்றது. 2008 அக்டோபரில் 25-க்கு இறங்கியது.

ஆட்சியின் மீதான நம்பிக்கையும் இதே வழியில்தான் போயிற்று. வாஷிங்டன் சரியானதைச் செய்யும் என்று நம்புகிறீர்களா என்ற பழைய கேள்விக்கு 2001 அக்டோபரில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். பல பத்தாண்டுகளாகக் காணாத எண் அது. புஷ் பதவியிலிருந்து இறங்கும் முன்பே அது பாதிக்கும் கீழே போய்விட்டது.

ஆகவே, ஒரு பெரும் தாக்குதல் மக்களின் மனத்தையே நிரந்தரமாகத் திருப்பிவிடும் என்ற வழக்கமான பேச்சை நான் ஏற்கவில்லை. கருத்து ஏறியது, பிறகு இறங்கி இருந்த இடத்துக்கே வந்தது. அது ஏறி நின்ற சில வாரங்களுக்குள் இயற்றப்பட்டவை மட்டும் இறங்கவில்லை. செப்டம்பர் 14 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் படைப்பலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் அளித்தது. கீழவையில் 420-க்கு 1, மேலவையில் 98-க்கு 0. அந்தத் தீர்மானத்தின் முக்கிய வாக்கியம் ஆங்கிலத்தில் வெறும் அறுபது சொற்கள். எந்த நாடு, எவ்வளவு காலம் என்ற வரம்பு எதுவும் அதில் இல்லை. அடுத்தடுத்து வந்த அதிபர்கள் அதைக் காட்டியே பல நாடுகளில் படை நடவடிக்கை எடுத்தார்கள், அது இன்றும் நீக்கப்படவில்லை. தாக்குதல் நடந்த 45-வது நாளில் கையெழுத்தான, அரசின் கண்காணிப்பு அதிகாரங்களை விரிவாக்கிய தேசப்பற்றுச் சட்டத்துக்கு மேலவையில் எதிராக விழுந்தது ஒரே வாக்கு, ரஸ் ஃபைன்கோல்டுடையது. நிலைத்தது மாறிய மக்கள் மனம் அல்ல, அந்த ஆறு வாரத்தில் இயற்றப்பட்டவை மட்டும்தான் என்பதே என் வாதம். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

கருங்கல் எழுதியது:

நண்பர் நெடுநோக்கு, அதிபருக்கான ஆதரவையும் மக்களின் கருத்தையும் நீங்கள் ஒன்றாகக் குழைத்துவிட்டீர்கள். நெருக்கடியில் மக்கள் தலைவரைச் சுற்றித் திரள்வதை அரசியல் அறிவியலாளர் ஜான் முல்லர் 1970-லேயே எழுதிவிட்டார். அது தணிவதும் எதிர்பார்க்கக் கூடியதுதான். அதிபரின் எண் இறங்கியதை வைத்து அச்சமும் இறங்கிவிட்டது என்று கூறினால், காய்ச்சல் விட்டதால் நோயும் போயிற்று என்று கூறுவதைப் போலாகும்.

வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கைகள் குடிமக்களின் உரிமையைப் பறிக்கும் அளவுக்கு எல்லை மீறிவிட்டனவா, அல்லது நாட்டைக் காக்கும் அளவுக்கு இன்னும் போகவில்லையா என்று பியூ ஆய்வு மையம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. 2013 ஜூலையில், எட்வர்ட் ஸ்னோடன் தொலைபேசிக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய அடுத்த மாதம், எல்லை மீறிவிட்டன என்றவர்கள் 47, போதாது என்றவர்கள் 35. பியூ 2004-இல் கேட்கத் தொடங்கிய நாள் முதல் உரிமைப் பக்கம் முந்தியது அதுவே முதல் முறை. உங்கள் கணக்குப்படி கருத்து அதோடு பழைய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் 2015 நவம்பரில் பாரிஸில் பயங்கரவாதத் தாக்குதல், டிசம்பரில் அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ நகரில். அந்த டிசம்பரில் கேட்டபோது போதாது என்றவர்கள் 56, எல்லை மீறிவிட்டன என்றவர்கள் 28. சான் பெர்னார்டினோவில் இறந்தவர்கள் 14 பேர். 2001-இன் நினைவு அடியில் கனன்று கொண்டிராவிட்டால், ஆயிரக்கணக்கில் உயிர் குடித்த ஒரு நாளின் வேகத்தோடு கருத்து இப்படித் திரும்பியிருக்குமா? நீறு பூத்ததை அணைந்தது என்று எண்ணிவிட்டீர்கள்.

பாலைவெளி எழுதியது:

இருவருமே தாக்குதலுக்கும் கருத்துக்கும் இடையில் ஒரு நேர்கோடு போடுகிறீர்கள். நடுவில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது இரண்டு கணக்கிலும் விடுபட்டிருக்கிறது.

2001 மார்ச்சில் அமெரிக்க முஸ்லிம்கள் மீது நல்லெண்ணம் உண்டு என்று பியூவிடம் சொன்னவர்கள் 45 விழுக்காடு. அந்த ஆண்டு நவம்பரில், தாக்குதல் நடந்து இரண்டு மாதம் ஆன பின், 59. குறைந்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கூடியிருந்தது, அதுவும் பழமைவாதக் குடியரசுக் கட்சியினரிடம்தான் மிகுதியாகக் கூடியிருந்தது. செப்டம்பர் 17 அன்று புஷ் வாஷிங்டனில் உள்ள இஸ்லாமிய மையத்துக்கு நேரில் சென்று, இந்தக் கொலைகளுக்கும் அந்த மதத்துக்கும் தொடர்பில்லை என்று பேசியதை நீக்கிவிட்டு இந்த எண்ணை விளக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய கட்சிக்காரர்கள் அவர் சொல்லைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு நடந்ததையும் பாருங்கள். மற்ற மதங்களைவிட இஸ்லாம் வன்முறையை அதிகம் தூண்டுகிறது என்று கருதியவர்கள் 2002 மார்ச்சில் 25 விழுக்காடு, 2003 ஜூலையில் 44. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்க மண்ணில் செப்டம்பர் 11 போன்ற இன்னொரு தாக்குதல் நடக்கவில்லை. நடந்தது ஈராக் போருக்கான பிரசாரம். 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் எடுத்த கணிப்பில், செப்டம்பர் 11-இல் சதாம் உசேனுக்கு நேரடிப் பங்கு இருந்திருக்கக் கூடும் என்று நம்பியவர்கள் 69 விழுக்காடு. அதற்குச் சான்று இல்லை என்று புஷ்ஷே அடுத்த மாதம் ஒப்புக்கொண்டார். கடத்தல்காரர்கள் 19 பேரில் ஓர் ஈராக்கியர்கூட இல்லை. விமானங்கள் மோதிய இடத்திலிருந்து இந்த நம்பிக்கை தானாக எழுந்து வரவில்லை, ஓராண்டுக்கு மேலாக மேடை மேடையாக ஊட்டப்பட்டது.

முன்பனி எழுதியது:

எண்களுக்கு நடுவே ஒரு நேரடிச் செய்தியைச் சொல்ல அனுமதியுங்கள். அந்த ஆண்டு நான் நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலையில் இருந்தேன். தாக்குதலுக்கு நான்காவது நாள், அரிசோனா மாநிலத்தின் மேசா நகரில் தலைப்பாகை கட்டியிருந்த ஒரு சீக்கியரை, முஸ்லிம் என்று தவறாக எண்ணி, அவருடைய பெட்ரோல் நிலைய வாசலிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். செய்தி வந்த மாலை, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், மிக நல்ல மனிதர், கையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் கொடியோடு வந்து என் காரின் பின்கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒட்டினேன்.

ஐந்து ஆண்டுகள் அந்தக் கொடி அங்கேயே இருந்தது. வெயில் பட்டு முதலில் சிவப்புப் பட்டைகள் இளஞ்சிவப்பாயின, பிறகு நீலம் சாம்பல் ஆயிற்று. மூலைகள் சுருண்டுகொண்டன. அக்கம்பக்கத்துக் கார்களில் இருந்தவை 2003 வாக்கிலேயே ஒவ்வொன்றாகக் காணாமல் போய்விட்டன. எங்கள் தெருவில் கடைசி வரை மிஞ்சியது என்னுடையது மட்டுமே. ஒட்டியதை எவரும் கவனித்திருக்க மாட்டார்கள். எடுத்தால் கவனிப்பார்களோ என்று எனக்கு ஒரு தயக்கம்.

அந்த வாரங்களில் யாராவது தொலைபேசியில் அழைத்து அதிபரின் செயல்பாட்டை ஏற்கிறீர்களா என்று கேட்டிருந்தால், என் உச்சரிப்பே என்னை இன்னாரென்று காட்டிக்கொடுக்கும் நிலையில், நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? நெடுநோக்கு அவர்கள் குறிப்பிடும் தொண்ணூறில் என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணிப்பும் பிரித்துக் காட்டாது.

கருங்கல் எழுதியது:

முன்பனி ஐயா, உங்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிறுபான்மையினர் அஞ்சி ஆம் என்று சொல்லியிருந்தாலும், அவர்களுடைய எண்ணிக்கையைக் கொண்டு 51-ஐ 90 ஆக்க முடியாது. அந்த நாற்பது விழுக்காட்டில் பெரும்பகுதியினர் புஷ்ஷுக்கு வாக்களிக்காத, அஞ்ச வேண்டிய தேவையும் இல்லாத சாதாரண ஜனநாயகக் கட்சியினர்.

நீங்கள் தொட்ட பொருள் என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது. எஃப்.பி.ஐ. பதிவு செய்த முஸ்லிம் எதிர்ப்பு வெறுப்புக் குற்றங்கள் 2000-இல் 28, 2001-இல் 481, 2002-இல் 155. முந்நூறுக்கு மேல் குறைந்ததைப் பார்த்து நெடுநோக்கு ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் ஒரு முறைகூட அது 28-ஐ நெருங்கவில்லை, நூறுக்குக் கீழும் இறங்கவில்லை. இருந்த இடத்துக்கே வந்தது என்று இதைச் சொல்ல முடியாது. வெள்ளம் வடிந்திருக்கிறது, ஆறு வேறு பாதையில் ஓடுகிறது.

பாலைவெளிக்கும் ஒரு கேள்வி. தலைவர்கள் சொல்வதைத்தான் மக்கள் கேட்கிறார்கள் என்றால், மசூதிக்குப் போன புஷ்ஷின் சொல் 481-ஐ ஏன் தடுக்கவில்லை?

பாலைவெளி எழுதியது:

தடுக்கவில்லை, உண்மைதான். கணிப்பில் விடை சொல்பவர்களும் துப்பாக்கியோடு கிளம்புகிறவனும் ஒரே கூட்டத்தார் அல்லர். நான் பேசுவது முன்னவர்களைப் பற்றி.

தலைவரின் சொல்லுக்கு எப்போதும் மக்கள் தலையாட்டுவார்கள் என்றும் நான் கூறவில்லை. ஸ்பெயினைப் பாருங்கள். 2004 மார்ச் 11 வியாழன் காலை மாட்ரிட் புறநகர் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மூன்றாம் நாள் பொதுத் தேர்தல். ஆளும் மக்கள் கட்சிதான் முந்துகிறது என்று அதுவரை கணிப்புகள் சொல்லிவந்தன. திரளும் விதி உண்மையானால் அவர்கள் இன்னும் பெரிய வெற்றி பெற்றிருக்க வேண்டும். பிரதமர் அஸ்னார் தாமே நாளிதழ் ஆசிரியர்களைத் தொலைபேசியில் அழைத்து இது பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டாவின் வேலை என்று உறுதி கூறினார். ஆனால் அன்றே அல்கலா தே எனாரெஸ் ரயில் நிலையம் அருகே ஒரு வேன் பிடிபட்டது. அதில் வெடியூக்கிகளும் குர்ஆன் ஓதும் ஒலிநாடாவும் இருந்தன. சனிக்கிழமை மாலை, உண்மை என்ன என்று கேட்கும் குறுஞ்செய்திகள் கைபேசிக்குக் கைபேசி தாவின. அவற்றின் இறுதியில் ‘பாசலோ’ என்ற ஒரே சொல், மற்றவருக்கும் அனுப்பு என்று பொருள். கட்சி அலுவலகங்களின் முன் கூட்டம் கூடியது. வாக்களித்தோர் அளவு முந்தைய தேர்தலின் 69-இலிருந்து 76 விழுக்காட்டை ஒட்டி ஏறியது. சோசலிஸ்ட் கட்சி வென்றது, அதன் தலைவர் சபாதேரோ ஈராக்கிலிருந்து படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார்.

இதைக் குண்டுக்குப் பணிந்த வாக்கு என்று அமெரிக்காவில் பலர் அப்போதே எழுதினார்கள். ஸ்பெயின் மக்களில் மிகப் பெரும்பாலோர் ஈராக் போரைத் தொடக்கம் முதலே எதிர்த்தவர்கள். தாக்குதல் அவர்களுக்குப் புதிய கருத்து எதையும் தரவில்லை. ஏற்கெனவே இருந்த சினம் வாக்குச்சாவடி வரை நடந்து வருவதற்கு, அரசு சொன்ன பொய் போதுமான காரணமாயிற்று.

நெடுநோக்கு எழுதியது:

மூவருக்கும் நன்றி. எழுதியதில் சிலவற்றைத் திருத்திக்கொள்கிறேன், சிலவற்றைத் திருத்திக்கொள்ளப் போவதில்லை.

கருங்கல் காட்டிய 2015 டிசம்பர் எண்ணைப் பற்றி நன்றாக யோசித்தேன். அது எனக்கு எதிரான சான்று என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதே 2015-இன் ஜூன் மாதம், ஸ்னோடனுக்குப் பின் எழுந்த எதிர்ப்பின் விளைவாக, தொலைபேசிப் பதிவுகளை அரசு மொத்தமாகத் திரட்டுவதை நிறுத்தும் சட்டம் நிறைவேறியது. ஆறு மாதத்தில் கருத்து மறுபக்கம் சாய்ந்தபோதும் அந்தச் சட்டம் திரும்பப் பெறப்படவில்லை. அப்படியானால் என் வாதம் இரு திசையிலும் செல்லும். கருத்து உச்சத்தில் இருக்கும்போது எது சட்டமாகிறதோ அது தங்குகிறது, கண்காணிப்பானாலும் சரி, கண்காணிப்பைக் குறைப்பதானாலும் சரி.

மும்பையும் இதையே சொல்கிறது. 2008 நவம்பர் 26 முதல் 29 வரை 166 பேர் கொல்லப்பட்டனர். தாஜ் விடுதியில் கடைசித் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த அதே 29 அன்று டெல்லி சட்டமன்றத்துக்கு வாக்குப்பதிவு. காங்கிரஸ் தோற்கும் என்றவர்கள் பலர், அது 70-இல் 43 இடங்களைப் பிடித்தது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலிலும் அந்த ஆட்சி 206 காங்கிரஸ் உறுப்பினர்களோடு திரும்பி வந்தது. வாக்கு அசையவில்லை. ஆனால் ஒரே மாதத்துக்குள் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. குற்றப்பத்திரிகை இல்லாமல் 180 நாள் வரை காவலில் வைக்க இடமளிக்கும் திருத்தமும் ‘ஊபா’ எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. இரண்டும் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன.

2001-இல் படைப்பலத் தீர்மானத்துக்குக் கீழவையில் விழுந்த அந்த ஒற்றை எதிர் வாக்கைப் பற்றியும் ஒரு வரி. அதை அளித்த பார்பரா லீக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, காவலர் துணையோடு நடமாட வேண்டியிருந்தது. மறு ஆண்டே ஓக்லாந்து தொகுதி மக்கள் அவரை எண்பது விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்துத் திருப்பி அனுப்பினார்கள். நாடே ஒரே மனமாகிவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதிய காலத்தில், ஒரு தொகுதியின் மனம் அப்படி ஆகவில்லை.

கருங்கல் எழுதியது:

ஓக்லாந்து அமெரிக்காவின் மிக இடதுசாரித் தொகுதிகளில் ஒன்று. அதை நாட்டின் மனசாட்சிக்கு அளவுகோலாக வைக்க வேண்டாம்.

நார்வேயை எடுங்கள். 2011 ஜூலை 22 அன்று ஒரு வலதுசாரித் தீவிரவாதி ஓஸ்லோவில் 8 பேரையும், உட்டோயா தீவில் இளைஞர் முகாமில் 69 பேரையும் கொன்றான். இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிக வெளிப்படைத்தன்மை என்பதே எங்கள் பதில் என்றார் பிரதமர் ஸ்டோல்டன்பர்க். மக்கள் ரோஜாப் பூக்களோடு தெருவுக்கு வந்தார்கள். கொலையாளி முன்பு உறுப்பினனாக இருந்த முன்னேற்றக் கட்சி அந்தச் செப்டம்பர் உள்ளாட்சித் தேர்தலில் 17.5-இலிருந்து 11.4 விழுக்காட்டுக்கு இறங்கியது. இதுவரை பாலைவெளியின் கணக்கும் சரி, நெடுநோக்கின் கணக்கும் சரி. அடுத்த ஆண்டு விசாரணை ஆணையம் காவல்துறையின் ஆயத்தமின்மையைக் கடுமையாகச் சாடியது, அரசின் மீதிருந்த பரிவு கரைந்தது. 2013 தேர்தலில் ஸ்டோல்டன்பர்க் ஆட்சியை இழந்தார். அதே முன்னேற்றக் கட்சி தன் வரலாற்றிலேயே முதல் முறையாக அமைச்சரவையில் இடம்பெற்றது.

பாலைவெளி எழுதியது:

குறுக்கிடுகிறேன். 2013-இல் அக்கட்சி பெற்றது 16.3 விழுக்காடு. 2009-இல் பெற்றிருந்ததோ 22.9. அமைச்சரவைக்குள் நுழைந்தது கூட்டணிக் கணக்கால், மக்கள் ஆதரவு கூடியதால் அல்ல. இதைக் கருத்து மாற்றத்துக்குச் சான்றாக வைப்பது பொருந்தாது.

கருங்கல் எழுதியது:

எண்ணை ஏற்கிறேன். ஆனால் இரண்டே ஆண்டுகளில் அதனோடு கூட்டணி சேர்வது ஒரு பெரிய கட்சிக்குக் கூச்சமில்லாத செயலாகிவிட்டதே, அதுவும் பொதுக்கருத்தின் ஒரு பகுதிதான். எதைச் சொன்னால் வெட்கக்கேடு, எதைச் சொன்னால் வெட்கக்கேடு இல்லை என்பதை எந்தக் கணிப்பும் நேராக அளப்பதில்லை.

இப்போது நெடுநோக்கின் மையக் கூற்றுக்கு வருகிறேன். சூடான சில வாரங்களில் இயற்றப்பட்டதுதான் தங்குகிறது என்கிறீர்கள். அமெரிக்க விமான நிலையங்களில் காலணியைக் கழற்றும் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வித்திட்டது செப்டம்பர் 11 அல்ல, 2001 டிசம்பரில் காலணிக்குள் வெடிபொருள் வைத்து விமானத்தில் ஏறிய ஒருவனின் தோல்வியடைந்த முயற்சி. அந்த விதி எல்லாப் பயணிகளுக்கும் கட்டாயமானது 2006 ஆகஸ்டில். அப்போது புஷ்ஷின் ஆதரவு 40-ஐ ஒட்டி இருந்தது. ஈராக் போர் தவறு என்று பாதிக்கு மேற்பட்டோர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் வெப்பமானியில் அது குளிர்காலம். அந்தக் குளிரில் பிறந்த விதி, பின் தாக்குதல் எதுவும் அதன் வழியே நடக்காத நிலையிலும், 2025 ஜூலை வரை பத்தொன்பது ஆண்டுகள் நீடித்தது. இதற்கு மக்களின் ஆரவாரமான ஆதரவு தேவைப்படவே இல்லை. நீக்கிய மறுநாள் ஏதேனும் நடந்தால் பழி தன் தலையில் விழும் என்று ஒவ்வோர் அதிகாரியும் எண்ணியதே போதுமானதாயிற்று. அந்த எண்ணத்தை அவர்களுக்குள் விதைத்தது எது? மக்கள் மன்னிக்க மாட்டார்கள் என்ற மதிப்பீடு. அதைத்தான் நான் முதலிலிருந்தே மாறிய பொதுக்கருத்து என்று அழைக்கிறேன்.

முன்பனி எழுதியது:

அந்த வரிசையில் நின்றவன் என்ற முறையில் இதற்குச் சாட்சி சொல்ல முடியும். சாம்பல் நிறத் தட்டில் காலணியை வைத்துவிட்டுக் குளிர்ந்த தரையில் காலுறையோடு நின்றிருக்கிறேன். சுற்றி நின்றவர்களில் இது தேவைதான் என்று சொன்ன ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. இதை நிறுத்த வேண்டும் என்று மனு எழுதிய எவரையும் சந்தித்ததில்லை. இவர்களை உங்கள் கணிப்பில் எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

நெடுநோக்கு எழுதியது:

கருங்கல், காலணி விதியில் நீங்கள் வென்றீர்கள். ஆறு வாரம் மட்டும்தான் என்று தொடக்கத்தில் எழுதியது அளவு கடந்த கூற்று, திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் போரைப் பொறுத்தவரை என் நிலை மாறவில்லை. ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பியது தவறு என்று 2001 நவம்பரில் கேலப்பிடம் சொன்னவர்கள் 9 விழுக்காடு, 2014 பிப்ரவரியில் 49. அதிகாரிகளின் அச்சம், மன்னிக்காத மக்கள் என்பதையெல்லாம் வைத்து இந்த நாற்பதை எப்படி விளக்குவீர்கள்? அந்த 49-க்குப் பிறகும் படை அங்கே இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தது. அது தங்கியிருந்தது 2001 செப்டம்பரின் அறுபது சொற்களைக் கொண்டு. அடுத்த பதிவில் அந்த அறுபது சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுவோம், விருப்பமிருந்தால்.